காமிரா வில்லையில் காய்ந்த பசை

தோட்டத்துச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "அப்பா வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் காமிரா. லயத்து வாசலில் நாங்கள் எடுத்துக்கொண்ட படங்களெல்லாம் அதில் எடுத்தவைதாம். உடைந்த மூடியை மகன் சூப்பர் குளு போட்டு ஒட்டும்போது, வில்லையில் ஒரு சொட்டு விழுந்து காய்ந்துவிட்டது. நகச்சாயம் அழிக்கும் திரவத்தால் துடைக்கலாமா?"

வேண்டாம் அம்மா! துடைப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவே நல்லது. அந்தத் திரவங்கள் பலவற்றில் அஸிட்டோன் இருக்கிறது. அது பசையைக் கரைக்கும். கூடவே பிளாஸ்டிக்கையும் கரைக்கும். வில்லை பால்போல் வெளுத்து வெடித்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. தின்னர், பெட்ரோல், பிளேடு இவையும் கூடாது.

முதலில் பசை எப்படிப் பட்டிருக்கிறது என்று பாருங்கள். லேசான வெள்ளைப் படலமாக இருந்தால், அது பசையின் ஆவி படிந்தது. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். தூசியை முன்பே ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் கீறல் விழும்.

கெட்டியான சொட்டாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த பஞ்சை நன்றாகப் பிழிந்து அதன்மேல் வையுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். ஓரம் கிளம்பினால் விரல் நகத்தால் மெதுவாகத் தள்ளுங்கள். கிளம்பவில்லையா? அதோடு விட்டுவிடுங்கள்.

விட்டுவிட்டால் படம் கெடாதா என்பீர்கள். வில்லையின் ஓரத்தில் உள்ள சிறு சொட்டு பெரும்பாலும் படத்தில் தெரியாது. வெயிலுக்கு எதிரே எடுத்தால் கொஞ்சம் மங்கலாகலாம். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள்.

இந்தப் பசைக்கும் காமிராவுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இப்பொருள் கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார்கள். 1958இல் பசையாக விற்பனைக்கு வந்தது.

இனி ஒட்டும் வேலை இருந்தால், முதலில் வில்லையைத் துணியால் மூடுங்கள். ஒட்டிய பிறகு பெட்டியில் அடைக்காமல் காற்றாட வையுங்கள். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் ஆகியவற்றின் பிளாஸ்டிக்குக்கும் இதே முறைதான். பிள்ளைகளின் விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிடுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஒரு சொட்டுத் தழும்போடு அப்பாவின் காமிரா இன்னும் பல படங்கள் எடுக்கும், சகோதரி. பேரப்பிள்ளைகளை வாசலில் நிறுத்தி ஒன்று எடுத்துப் பாருங்கள்!