ரைட்டர் மேசையில் சாகும் வழக்குகள்

தோழர்களே, மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து புகாரோடு காவல் நிலையப் படியேறும்போது நாம் நீதிமன்றத்தைப் பற்றியே யோசிக்கிறோம். ஆனால் வழக்கின் தலையெழுத்து அதற்கு வெகுமுன்பே, ரைட்டர் மேசையில் எழுதப்பட்டுவிடுகிறது.

“சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான்” என்கிறோம். “ஆபாசமாகத் திட்டினார்” என்று தாளில் இறங்குகிறது. அந்த ஒரு மாற்றத்தில் வன்கொடுமைப் பிரிவு போகிறது, டி.எஸ்.பி. விசாரணை போகிறது, நிவாரணமும் போகிறது. சில நேரம் அதுகூடக் கிடையாது, ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதை எழுத்துப்பிழை என்று நாம் நம்ப வேண்டுமாம்!

மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்ற மண் இது. இங்கே ஒரு மிரட்டல் புகாரைத் தட்டிக்கழிப்பது சின்ன விஷயமா?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்வது: வாய்மொழிப் புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும், உரிய பிரிவுகளில் பதிய வேண்டும், நகலை உடனே தர வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. “விசாரித்துவிட்டுப் பதிகிறோம்” என்ற சாக்குக்கும் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு இடம் தரவில்லை.

மாணவத் தோழர்களே, புகார் கொடுக்கப் போகும் நம் அம்மாக்களோடு கூடப் போங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன சொல் தாளில் ஏறாதவரை கையெழுத்துப் போட விடாதீர்கள்.