சோற்றுக்கு முகத்தை அடகு வைப்பதா?

பசித்து வரும் பிள்ளையின் முகத்தைக் கணிப்பொறிக்குக் காட்டிச் சோறு வாங்கச் செய்யும் பள்ளிகளும் உலகில் உள. இசுக்காத்துலாந்தின் வட ஏர்சயர்ப் பகுதியில் 2021 அத்தோபரில் ஒன்பது பள்ளிகள் இம்முறையைத் தொடங்கின. உணவுக் கூடத்தில் காசு தண்டுமிடத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தைக் கருவி நோக்கும். முன்பே பதிந்து வைத்த அளவுகளோடு ஒப்பிடும். ஒத்திருப்பின், பெற்றோர் செலுத்திய தொகையில் விலை கழியும். வரிசை விரைந்து நகரும் என்றனர். நோய்த்தொற்றுக் காலத்தில் எதனையும் தொட வேண்டா என்றனர்.

இத்தகு கருவிகட்குப் பரிந்துரைப்போர் இன்னொரு கரணியமும் கூறுவர். விலையின்றி உண்ணும் ஏழைப் பிள்ளை யாரெனப் பிறர்க்குத் தெரியாதாம். நல்ல நோக்கமே, மறுப்பாரில்லை. ஆயின் அதற்கு ஓர் அட்டையோ மறையெண்ணோ போதாதா? அட்டை தொலைந்தால் வேறு அட்டை தரலாம். மறையெண் கசிந்தால் மாற்றிக் கொள்ளலாம். பதிந்து வைத்த முக அளவுகள் களவு போயின், அப்பிள்ளை வேறு முகத்திற்கு எங்கே போகும்? ஒரு வேளை உணவின் விலையைக் கழிக்க, வாழ்நாள் முழுதும் மாறாத அடையாளத்தையா வாங்கி வைப்பது!

வட ஏர்சயரில் எதிர்ப்பெழவே சில நாள்களிலேயே அது நிறுத்தப்பட்டது. அவ்வளவில் ஓய்ந்ததா? இங்கிலாந்தின் செம்சுபோர்டு நகரில், 2016 முதல் விரல்வரி கொண்டு உணவு வழங்கிவந்த ஒரு பள்ளி, 2023 மார்ச்சில் முகத்திற்குத் தாவிற்று. பெற்றோர்க்கு மடல் போயிற்று. வேண்டா என்பார் மட்டும் சீட்டை நிரப்பித் திருப்ப வேண்டும்; வாளாவிருந்தார் அனைவரும் இசைந்தாராகக் கொள்ளப்பட்டனர். வாய் திறவாமையே ஒப்புதலாம்! தாமே முடிவு சொல்லும் அகவையுற்ற மாணவரையும் எவரும் கேட்டிலர். வரக்கூடிய கேடுகளை முன்கூட்டி ஆராயவுமில்லை. 2024 சூலையில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அப்பள்ளியைக் கண்டித்தது.

இத்தனைக்கும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பெற்றோருள் ஒருவரேனும் எழுத்தால் இசைய வேண்டும். அவர் இசைந்தாலும் பிள்ளை மறுப்பின் பதிதல் கூடாது. மறுத்த பிள்ளைக்கு வேறு வழி செய்து தரவும் வேண்டும். பிள்ளையின் மறுப்பைப் பெற்றோர் இசைவினும் மேலாக வைத்த சட்டம் அது. பதினொரு ஆண்டுகட்குப் பின்னும், கேட்காமலே முகத்தைப் பதிந்தது கல்வி கற்பிக்கும் ஓர் இடம்.