புது ரிங் போட்டும் பிரீதரில் புகையா?

கேள்வி: எங்கள் மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு இன்ஜின் வேலை பார்த்தோம். 12 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. பிரீதர் குழாயில் புகை வருகிறது. கிளட்ச் பக்கம் ஆயில் கசிகிறது. மறுபடியும் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். மணிலா விதைப்பு நெருங்குகிறது. என்ன செய்யலாம்?

- வாசகர், அடி அண்ணாமலை.

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் அறைக்குள் இறங்குவது எல்லா இன்ஜினிலும் உண்டு. அதை வெளியேற்றத்தான் பிரீதர். புது ரிங் லைனரோடு பழகும் வரை இந்த வாயு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வெளியேற வழி போதாவிட்டால் அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாகப் பிதுங்கும். அப்போது சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்.

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, 10 நிமிடம் கழித்து ஆயில் அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அடித்து நுரையாக்கி, பிரீதரில் தள்ளும். ஆயிலில் டீசல் வாசனை அடித்தால் இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் சோதிக்க வேண்டும்.

2. பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். செம்மண் புழுதி, குளவிக் கூடு, மடங்கிய ரப்பர் குழாய் எதுவும் அடைக்கலாம். உள்ளே சல்லடை இருந்தால் டீசலில் கழுவுங்கள். புகை வருகிறதே என்று குழாயை அடைக்கவே கூடாது.

3. இன்ஜின் சூடான பின், ஐடிலில், ஆயில் ஊற்றும் மூடியைத் தலைகீழாக வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. தூக்கி எறிந்தால் வாயு அதிகம். சூடான ஆயில் தெறிக்கும். ஃபேன் பெல்ட் பக்கம் துண்டு, வேட்டி போகாமல் கவனம்.

4. ஏர் ஃபில்டரையும் அதன் குழாயையும் பாருங்கள். கிழிசல் வழியாகப் புழுதி நுழைந்தால் புது ரிங்கும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இவை சரியாக இருந்தால் வண்டிக்கு வேலை கொடுங்கள். 'புது இன்ஜின், சும்மா ஓடட்டும்' என்று மணிக்கணக்கில் ஐடிலில் விடுவதுதான் கெடுதல். ரிங்கை லைனரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான். வேலையில்லாத இன்ஜினில் அது குறைவு. ஆயில் கருகி லைனர் கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும். பிறகு ரிங் பிடிக்காது. கல்டிவேட்டர் மாட்டி, நடுத்தரச் சுமையில், இடையிடையே வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். டிரெய்லரில் முழுப் பாரம் ஏற்ற வேண்டாம். 50 மணி நேரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். அதற்குள் புகை குறைந்துகொண்டே வந்தால் ரிங் பழகிவிட்டது என்று அர்த்தம்.

குறையாவிட்டாலோ, கூடினாலோ கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், அதில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் பக்கம் கோளாறு: ரிங் உடைந்திருக்கலாம், தலைகீழாகப் போட்டிருக்கலாம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். மூன்றிலும் குறைவு என்றால் லைனர் வழவழப்பாகியிருக்கலாம், புழுதி தின்றிருக்கலாம்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் மூடும் முன் அருகில் இருந்து மூன்றைப் பாருங்கள். ரிங்கை லைனருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்தார்களா? ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் சுற்றிலும் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா? லைனரில் குறுக்குக் கோடுகள் தெரிகின்றனவா?

கார், ஜீப் வைத்திருப்போருக்கும் இதே வரிசைதான். பெட்ரோல் காரில் பிரீதர் வழியில் ஒரு வால்வு இருக்கும். அது பிசுக்கில் ஒட்டிக்கொண்டாலும் இதே தொல்லை வரும்.

விதைப்புக்குள் வண்டி தயாராகாவிட்டால் உழவு தள்ளிப்போக வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டரை வாடகைக்குத் தருகிறது; உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.