பழைய காரின் தரை: ஒட்டுப் போட்டால் போதுமா?

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் எதற்குப் பணம் செலவிடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் பெயிண்ட். அடுத்து இருக்கைகளுக்குப் புது உறை. பிறகு பம்பருக்குக் குரோமிய முலாம். காரின் தரை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் துருவில் அரித்த ஓட்டை வழியே கீழே மண் தெரியும். அப்போது யாராவது ஒருவர் எளிய வழி சொல்வார்: "மேலே ஒரு தகட்டை வைத்து ரிவிட் அடித்துத் தார் பூசிவிடலாம். விரிப்பைப் போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?"

இந்த யோசனையை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. துருப்பிடித்த தரைத் தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பொருத்த வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் அந்தக் காரைச் சாலையில் ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தி அழகு பார்க்கலாம். இவ்வளவு கடுமை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கான காரணங்கள் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

தரையா, எலும்பா?

லாரியையும் பழைய ஜீப்பையும் குனிந்து பாருங்கள். அடியில் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் இருக்கும். எஞ்சினும் சக்கரங்களும் அதில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. உடல் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. இத்தகைய வண்டியில் தரை துருப்பிடித்தால் காலுக்கு ஆபத்து. ஆனால் வண்டியின் முதுகெலும்பு பிழைத்துக்கொள்ளும்.

மற்றொரு வகை உண்டு. இதில் தனிச் சட்டம் கிடையாது. தரை, கூரை, தூண்கள், கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி வடிவ விட்டங்கள் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, ஒரே கூடாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. முட்டை ஓடு மெல்லியதுதான். ஆனாலும் அதன் வடிவம் அதற்கு வலிமை தருகிறது அல்லவா? 1922-இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டா கார் இம்முறைக்கு வழி காட்டியது. 1934-இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் முழுவதும் எஃகாலான ஒற்றைக் கூட்டு உடலைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. பிரீமியர் பத்மினிக்கு மூதாதையான ஃபியட் 1100 கார் 1953-இல் இம்முறைக்கு மாறியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து, 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான நம் அம்பாசடரும் இந்த வகையே.

ஆகவே அம்பாசடரின் தரையை வீட்டுத் தரை என்று எண்ணிவிடக் கூடாது. அது காரின் எலும்புகளில் ஒன்று.

காகிதத்தில் ஒரு சோதனை

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு அட்டைத் தாள்களை எடுத்துக் குழாய்களாகச் சுருட்டுங்கள். ஒன்றின் விளிம்புகளைப் பசை தடவி நன்றாக ஒட்டுங்கள். மற்றதன் விளிம்புகளை ஒட்டாமல், இரு முனைகளில் மட்டும் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டையும் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். ஒட்டிய குழாய் எதிர்த்து நிற்கும். ஒட்டாத குழாய் உடனே நெளிந்துவிடும். தாள் ஒன்றே, கனம் ஒன்றே. ஆனால் பிளவு ஒன்று வந்ததும் விறைப்புப் போய்விட்டது.

எவ்வளவு போகும்? 25 மி.மீ. ஆரமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுக் குழாயை நீளவாட்டில் ஒரு கோடாகப் பிளந்தால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறக்குறைய 1,900-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று கணக்கிடலாம். காரின் கதவுக்குக் கீழே ஓடும் விட்டமும் இத்தகைய மூடிய பெட்டியே. தரைத் தகட்டின் விளிம்பு அதனோடுதான் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. துரு அந்த இணைப்பைத் தின்றுவிட்டால் பெட்டி திறந்துகொள்கிறது. கார் பள்ளத்தில் இறங்கும்போது கதவு இறுகுவதும், கண்ணாடி விளிம்பில் கீறல் விழுவதும் இதன் அடையாளங்களாக இருக்கலாம்.

தகட்டின் தடிமனையும் பார்ப்போம். தட்டையான தகடு வளைவை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 1 மி.மீ. தகடு துருவினால் அரை மி.மீ. ஆகிவிட்டால் விறைப்புப் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது! ஓட்டை விழாத இடமும் நல்ல இடம் அல்ல என்பதை இது காட்டுகிறது. பட்டறையில் அனுபவமுள்ள டிங்கர் தகட்டைச் சுத்தியால் தட்டிக் கேட்பார். திருப்புளியின் முனையால் குத்திப் பார்ப்பார். மும்மடி விதியை அவர் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த விதி சொல்வதையே அவருடைய காதும் கையும் அறிந்திருக்கின்றன.

இருக்கை வாரையும் மறக்கக் கூடாது. இருக்கையின் தண்டவாளமும், பல கார்களில் இருக்கை வாரின் கீழ் முனையும், தரையில்தான் முடுக்கப்பட்டிருக்கின்றன. மணிக்கு 54 கி.மீ., அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும் காரில் 60 கிலோ எடையுள்ளவர் இருக்கிறார். கார் எதிலோ மோத, அவர் 0.1 நொடியில் நிற்கிறார் என்று கொள்வோம். எதிர்முடுக்கம் 150 மீ/நொடி². எனவே விசை 9,000 நியூட்டன். ஏறக்குறைய 900 கிலோ எடைக்குச் சமமான இந்த இழுப்பில் பெரும் பகுதியைத் துருவேறிய தகடும் நான்கு ரிவிட்டுகளும் தாங்குமா? நீங்களே சொல்லுங்கள்.

மூடினால் துரு அடங்குமா?

"மேலே தகடு வைத்து மூடிவிட்டால் துருவுக்குக் காற்று கிடைக்காது; அதோடு அது நின்றுவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யு.ஆர். எவான்ஸ் என்ற அறிஞர் ஓர் உப்புநீர்த் துளியைக் கொண்டே இதற்கு நேர்மாறானதைக் காட்டினார்.

சுத்தமான இரும்புத் தகட்டின் மீது ஒரு துளி உப்புநீரை விடுகிறோம். துளியின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது. நடுவிலோ ஆக்சிஜன் குறைவு. எங்கே இரும்பு கரையும்? ஓரத்தில் என்றுதான் சொல்வோம். ஆனால் கரைவது நடுப்பகுதியே! ஆக்சிஜன் மிகுந்த ஓரம் எதிர்மின்வாயாகவும், ஆக்சிஜன் குறைந்த நடு நேர்மின்வாயாகவும் அமைந்து ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. நேர்மின்வாய் இரும்பு கரைகிறது. உப்புநீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபினாஃப்தலீனும் சிறிது சேர்த்தால் நடுவில் நீலமும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும். வேதியியல் ஆசிரியரிடம் கேட்டு, அவர் முன்னிலையில் செய்து பாருங்கள்.

இப்போது ஒட்டுத் தகட்டுக்கு வருவோம். பழைய தகட்டுக்கும் ஒட்டுக்கும் இடையே மயிரிழை அளவு சந்து இருக்கும். மழையில் நனைந்த கால்களிலிருந்தும், தேய்ந்த கதவு ரப்பர் வழியாகவும் வரும் நீர் அதில் புகுந்து உலராமல் தங்கும். சந்தின் வாயில் ஆக்சிஜன் உண்டு, உள்ளே குறைவு. எவான்ஸின் துளியில் நடந்ததே இங்கும் நடக்கிறது. வெளியே தார் பளபளக்க, உள்ளே இரும்பு கரைகிறது. அதோடு துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அது உப்பி இரு தகடுகளையும் பிளந்து தள்ளும். மூடி மறைப்பதால் துருவுக்கு வசதியான வீடு கட்டித் தருகிறோம் எனலாம்.

சரியான முறை எது?

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் தொட்டியையும் குழாய்களையும் அப்புறப்படுத்த வேண்டும். இருக்கைகளை வெளியே எடுக்க வேண்டும். அடுத்த வேலைதான் மிக முக்கியமானது: வெட்டுவதற்கு முன் முட்டுக் கொடுத்தல். கதவு வாசலின் இரு தூண்களுக்கும் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்கிறார்கள். இல்லாவிட்டால் தரையை வெட்டியதும் கூடு தொய்ந்து போகலாம். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிலையாகிவிடும். கதவு பிறகு பொருந்தவே பொருந்தாது.

கோணலை எப்படி அறிவது? வாசலின் மூலைவிட்டங்களை வெட்டுமுன் அளந்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அளவு மாறினால் வடிவம் மாறிவிட்டது என்று பொருள். "மூலைவிட்டத்தால் என்ன பயன்?" என்று வடிவியல் வகுப்பில் கேட்கிறவர்களுக்கு இதோ ஒரு பயன்.

பழைய தகடு வரிசையான புள்ளிப் பற்றவைப்புகளால் இணைந்திருக்கும். இரண்டு தகடுகளை அழுத்திப் பிடித்துப் பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், மின்தடை மிகுந்த தொடுமிடத்தில் வெப்பம் பிறந்து இரும்பு உருகி ஒன்றாகிறது. ஜூல் விதியின் வேலைதான் இது. அந்தப் புள்ளிகளைத் துளையிட்டு நீக்கினால் பழைய தரை கழன்று வரும். நல்ல இரும்பு தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த பிரைமர் பூசி, புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்கிறார்கள்.

ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைக்கக் கூடாது. ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1.2 மி.மீ. நீளும்; ஆறும்போது சுருங்கும். வெப்பம் ஓரிடத்தில் குவிந்தால் தகடு நெளியும். அதனால் இங்கொரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஆற விடுகிறார்கள். கடைசியில் இணைப்புகளை அடைத்து, அடிப்பக்கம் பூச்சிட்டு, நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகும்; அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும். பற்றவைப்பின் ஒளியோ கண்ணைக் கெடுக்கும். பட்டறைக்குப் போனால் தள்ளி நின்று பாருங்கள்.

இரண்டு ஆட்சேபங்கள்

"செலவு அதிகம்" என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான். ஆனால் தகட்டைவிட உழைப்புக்கே அதிகச் செலவு. பலநாள் உழைத்த அந்த வேலை முடிந்ததும் விரிப்புக்கு அடியில் மறைந்துவிடும். பெயிண்டுக்குத் தாராளமாகக் கொடுப்பவர் டிங்கரிடம் பேரம் பேசினால், அவரும் ஒட்டுப் போட்டு முடித்துவிடத்தான் பார்ப்பார். பழி அவர் ஒருவருடையது அல்ல.

"பழைய இரும்பே வரலாறு, அதை வெட்டினால் கார் பழையதாகவே இராது" என்பது இரண்டாவது. இதை நான் மதிக்கிறேன். ஓடாமல் அரங்கில் நிற்கும் அருங்காட்சியகக் காருக்கு இது முற்றிலும் பொருந்தும். சாலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் காருக்குப் பொருந்தாது. கெட்டதை முழுவதும் எடுக்க வேண்டும். நல்லதில் ஒரு விரற்கடைகூட வெட்டக் கூடாது. பழமையைக் காக்கவும் உயிரைக் காக்கவும் இந்த ஒரு விதியே போதும்.

பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனையில் இருக்கை வார், பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் துரு உடலை வலுவிழக்கச் செய்திருந்தால் வண்டி தேறாது. அங்கே ரிவிட் ஒட்டும் பட்டிப் பூச்சும் செல்லாது. 2018 முதல் 40 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிதும் மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு அச்சோதனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். சட்டம் விலக்கு அளிக்கலாம். இயற்பியல் விதி யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

உங்கள் வீட்டிலோ உறவிலோ யாராவது பழைய கார் வைத்திருந்தால், பெயிண்டைப் புகழுமுன் விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டி மாற்றச் செலவு ஆகும் என்று அவர் தயங்கினால், மேலே சொன்ன 9,000 நியூட்டன் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.