உயிரோடு இருப்பதற்கும் ஒரு சான்றிதழ்

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் தேரைக் காண நீலகிரியிலிருந்து என் பால்ய நண்பர் ஒருவர் வந்திருந்தார். எல்கடுவப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாய், 1979இல் தலைமன்னார்க் கப்பலேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பின்னர் இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, ஹவில்தாராக இளைப்பாறினார்.

ஐந்து தேர்களும் வீதியுலா வந்த அன்று, அவர் பேசியதெல்லாம் தம் ஓய்வூதியத்தைப் பற்றியே. ஊதியக்குழு ஒன்றின் திருத்தத்தின்போது, அவருடைய வங்கி அவரை ஒரு படி கீழிறக்கி, நாயக் தரத்துக்குரிய தொகையையே வரவு வைத்துவிட்டதாம். பிழையைத் திருத்த மூன்று ஆண்டுகள் அலைந்திருக்கிறார்.

"பேங்குல கேட்டா அலகாபாத்துக்கு எழுதுங்கிறாங்க. அலகாபாத்துக்கு எழுதினா பேங்கைக் கேளுன்னு பதில் வருது. நான் யாருகிட்டதான்டா போறது?" என்றார்.

அந்தக் கேள்வியிலேயே நோயின் மூலம் இருக்கிறது. இந்தியாவில் படைவீரர்களின் ஓய்வூதிய ஆணையைப் பிறப்பிப்பது, முன்னர் அலகாபாத் எனப்பட்ட பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம். நீண்ட காலமாக, அந்த ஆணையைப் படித்து, அகவிலைப்படியைக் கூட்டி, திருத்தங்களைக் கணக்கிட்டுப் பணம் வழங்கியவை வங்கிகளின் மத்திய நிலையங்களே. இவ்வேலைக்காக ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அரசிடமிருந்து அவை தரகு பெறுகின்றன. 2019 ஜூலையில் அது 75 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வேலைக்குக் கூலி உண்டு. பிழைக்குப் பொறுப்பு மட்டும் இல்லை. தாமதமான நிலுவைக்கு ஆண்டுக்கு 8 வீத வட்டியை வங்கி தானாகவே வரவு வைக்கவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. நண்பருக்கு நிலுவை வந்தது; வட்டி வரவில்லை. அப்படியொரு விதி இருப்பதையே அவர் அறிந்திருக்கவில்லை.

இக்குறைகளைக் களையவே 2021இல் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறை கொண்டுவரப்பட்டது. கணக்கிடும் வேலை வங்கியிடமிருந்து அரசின் கைக்குத் திரும்பியது நல்ல மாற்றமே. ஆயினும் 2022 ஏப்ரல் மாத முடிவில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஓய்வூதியம் வந்து சேரவில்லை. ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்தும் அடையாளப் பதிவு அவர்களுக்கு நிறைவேறியிருக்கவில்லை என்பதே காரணம். எதிர்ப்பு எழுந்த பின்னர் மே 25 வரை விலக்களித்துப் பணம் வழங்கப்பட்டது. ஸ்பர்ஷ் என்றால் தொடுகை என்று பொருள். தொடுவதற்கு ஒரு மனிதக் கை இல்லாவிட்டால், பெயரில் தொடுகை இருந்து என்ன பயன்?

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நாவுல, கலேவெல, தம்புள்ளை என்று நமது மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றிலிருந்தும் இளைஞர்கள் இராணுவத்துக்குச் சென்றார்கள். அவர்களில் இளைப்பாறியோர் இன்று ஓய்வூதிய நாளில் வங்கி வாசலில் நிற்கிறார்கள். ஒரு கால் இழந்தவரும் அவ்வரிசையில் உண்டு. 12 ஆண்டுச் சேவை நிறைவடையுமுன் ஊனமுற்று வெளியேறியோர், ஓய்வூதியம் கோரி 2018இல் கொழும்புக் கோட்டையில் போராடியதையும் நாம் மறந்துவிடலாகாது.

2009இல் முடிந்த அந்தப் போர் குறித்து ஒரு தமிழனாக எனக்கு என் கருத்து உண்டு. என் துயரும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுதவில்லை. ஆனால் போரைத் தீர்மானித்தவர்கள் வேறு. இருபது வயதில் வறுமை துரத்தத் துவக்கைத் தூக்கியவன் வேறு. அவனுடைய முதுமைக்குரிய பணம் ஒரு நாளும் தவறலாகாது.

ஓய்வூதியம் ஆள்வோர் அளிக்கும் பிச்சையன்று, உழைத்தவரின் உரிமை என்று இந்திய உச்சநீதிமன்றம் 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. உரிமை என்றால் மூன்று கடமைகள் பின்தொடரும். கணக்கிடுவது ஆணையிட்ட திணைக்களமாகவே இருக்கவேண்டும். வங்கி பணத்தைக் கொண்டுசேர்க்கும் தபாற்காரன் மட்டுமே. தொகை மாறும்போதெல்லாம், ஏன் மாறியது என்ற விவரத்தாள் ஓய்வூதியரின் மொழியில் அவர் கையில் கிடைக்கவேண்டும். உயிர்ச்சான்று வராதபோது, பணத்தை நிறுத்துமுன் அவர் வீட்டுக்கு ஒருவர் செல்லவேண்டும்.

மூன்றாவதை நிறைவேற்றும் வசதி நம் நாட்டில் முன்னரே இருக்கிறது. கிராம உத்தியோகத்தருக்குத் தம் பிரிவில் யார் உயிரோடிருக்கிறார், யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது தெரியும். எல்லாம் கணினிமயமாகும் இக்காலத்தில், செலவைக் குறைப்பதாகச் சொல்லி அந்த மனிதத் தொடர்பை அறுத்துவிடுவோமானால், நீலகிரியில் நடந்தது நாவுலவிலும் நடக்கும்.

நண்பர் ஊர் திரும்புமுன் அந்த 8 வீத வட்டி கோரும் விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் இருந்து எழுதினோம். கையொப்பமிட்டபோது அவர் கை நடுங்கியது. "இந்தக் கையெழுத்து பழைய கையெழுத்தோட பொருந்தலைன்னு திருப்பி அனுப்பிடுவாங்களோ?" என்றுதான் கேட்டார்.