வலிக்கு வக்காலத்து

அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் என்றாலே முகஞ்சுளிக்கும் வைத்தியர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் 1973-இல் மூளையில் அபினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைக் கண்டார்கள். கசகசாக் காயின் பாலுக்கு நம் தலைக்குள் பூட்டு எதற்கு? 1975-இல் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் விடை சொன்னார்கள்: வலியைத் தணிக்க மூளையே ஒரு சரக்கைச் சுரக்கிறது, மார்ஃபின் அதே பூட்டில் நுழையும் மாற்றுச்சாவி.

வாணியம்பாடியில் தோல் பதனிட்டே ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவர் புற்றுநோயில் துடித்தார். "பழக்கமாகிவிடும்" என்று கையை விரித்தார் வைத்தியர். பத்து நாளில் சாகிறவருக்கு என்ன பழக்கம் ஐயா? பழக்கம் உண்டாகும் என்பது பொய்யில்லை; அளவறிந்து கொடுக்கத்தானே படித்தீர்கள்? காஜிப்பூரில் சர்க்கார் ஆலையே மருந்துக்காக அபினைப் பக்குவம் செய்கிறது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தையும் நோயாளிகளுக்காக 2014-இல் தளர்த்தினார்கள். இனி எதைக் காட்டிக் கையைக் கட்டிக்கொள்வீர்கள்?