குட்வில் கடையில் பாயின்ட்டைவிட கலர் டேக் பெரிசு!

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குக் குளிர்காலத்தில் போகிறீர்களா? ஜாக்கெட்டைப் புதிதாக வாங்காமல், நன்கொடைப் பொருள்களை விற்கும் குட்வில் கடையில் பாருங்கள். பில் போடும்போது ரிவார்ட்ஸில் சேரச் சொன்னால், இலவசம் என்றால் சேருங்கள். ஆனால், 100 டாலருக்கு 5 டாலர் கூப்பன் என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் 5 சதவிகிதம்தான். பல கிளைகளில் வாரம் ஒரு நிற டேக்குக்குப் பாதி விலை. 12 டாலர் ஜாக்கெட் 6 டாலர்! இந்த வாரம் என்ன கலர் என்று கேட்டுவிட்டே உள்ளே போங்கள். சில கிளைகளில் முதியோர் தள்ளுபடியும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

குட்வில்லைப் பகுதிவாரியாகத் தனித்தனி அமைப்புகள் நடத்துகின்றன. ஓர் ஊர் பாயின்ட் அடுத்த ஊரில் செல்லாமல் போகலாம். ஊர் திரும்புமுன் செலவழித்துவிடுங்கள். அதற்காக இன்னொரு ஜாக்கெட் வேண்டாம், பெட்டிக்கு 23 கிலோதானே!